முடியாத சுற்றுகள்

சீனக் கரையோரத்து மக்காவ் நகரில் ஒரு சட்டம் உண்டு. கேசினோவில் வேலை பார்க்கிறவர்கள், வேலை நேரம் போக மற்ற நேரத்தில் எந்தக் கேசினோவுக்குள்ளும் கால் வைக்கக் கூடாது. சீனப் புத்தாண்டின் முதல் மூன்று நாள் மட்டும் விலக்கு. வருஷம் முழுக்கக் கதவைச் சாத்திவைத்துவிட்டுப் பண்டிகைக்கு மட்டும் திறந்துவிடுகிற இந்தக் கூத்தை எந்த மகராசன் யோசித்தானோ, அவன் நன்றாக இருக்கட்டும். கேசினோவில் சீட்டுப் போடுகிற போ யெங்குக்கு அந்த மூன்று நாளை நினைத்தே ஒரு வருஷம் ஓடியிருந்தது.

பண்டிகைக்கு முந்தின மாலை விருந்தில் அவளால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. மீனைக் கொண்டுவந்து வைத்தாள், எழுந்தாள், முள்ளங்கி கேக் ஆறிவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள், மறுபடி உட்கார்ந்தாள். மேசைக்கடியில் வலது கால் தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"காலை ஆட்டாதே. இருக்கிற அதிர்ஷ்டமெல்லாம் உதிர்ந்து கீழே கொட்டிடும்," என்றார் மாமனார்.

"கொட்டினா பொறுக்கிக்கலாம் மாமா."

"ஆறு மாடி கீழே கொட்டும். யாரு போய்ப் பொறுக்கறது, நானா?"

அவள் புருஷன் சி கியோங் சிரித்துவிட்டான். அவன் பஸ் ஓட்டுகிறவன், அதிகம் பேசாதவன், அப்பா பேசினால் மட்டும் சிரிப்பான். மாமனாருக்கு இடது காலும் இடது கையும் பக்கவாதத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. வடக்கு வட்டாரத்துப் பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, படி ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நாற்காலியில் தூக்கிக்கொண்டுவந்து மேலே வைத்த மனுஷன், அதன்பிறகு தெருவை ஜன்னல் கம்பி வழியாகத்தான் பார்க்கிறார். வாய் மட்டும் கீழே போய்வந்துகொண்டிருந்தது. மீன்காரியைத் திட்டுவார், எதிர்க் கடைக்காரனிடம் குதிரைப் பந்தயம் விசாரிப்பார், தெருவில் போகிற நாயிடம்கூட ஏதாவது சொல்வார்.

இரண்டு தெரு தள்ளி லிஃப்ட் வைத்த கட்டடத்தில் ஒரு வீடு விலைக்கு வந்திருந்தது. சின்ன வீடுதான். வீட்டுக்காரி மகனோடு எல்லைக்கு அந்தப்பக்கம் சூஹாய்க்குப் போகிறாள். முன்பணம் மூன்றரை லட்சம் பட்டாக்கா, புத்தாண்டு ஏழாம் நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தவறினால் வேறு ஆள் காத்திருக்கிறான் என்று தரகர் சொல்லிவிட்டார். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்ததில் கையில் இருந்தது மூன்று லட்சம். குறைவது ஐம்பதாயிரம்.

அந்த ஐம்பதாயிரத்துக்குத்தான் போ யெங்கின் படிக்கட்டு.

அவள் பதினோரு வருஷமாகப் பக்காரா மேசையில் சீட்டுப் போடுகிறாள். மேசையில் இரண்டு பக்கம், ஒன்று வங்கி, மற்றது ஆட்டக்காரர். எந்தப் பக்கத்துச் சீட்டு ஒன்பதுக்கு நெருங்குகிறதோ அது ஜெயித்தது. இதற்காக மனுஷர்கள் சீட்டின் ஓரத்தைக் கிள்ளி, வளைத்து, வாயால் ஊதி, சாமியைக் கூப்பிட்டு என்னென்னவோ பண்ணுவார்கள். பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்திருந்தார்கள்: ஆட்டக்காரர் பக்கம் நூறு வைத்தால், நாள்பட அதில் ஒன்றேகால் கேசினோவுக்கு. வங்கிப் பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. யார் எப்படிப் பந்தயம் கட்டினாலும் அந்த ஒன்றேகால் போய்க்கொண்டுதான் இருக்கும். அவளும் தலையாட்டினாள். ஆனால் நாள் முழுக்க மற்றவர்கள் பணத்தைத் தள்ளிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் நிற்கிற ஒருத்திக்கு மனசு சும்மா இருக்குமா? மனசுக்குள்ளேயே பந்தயம் கட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

கணக்கு எளிது. எப்போதும் ஆட்டக்காரர் பக்கம்தான். முதலில் ஒரு சில்லு. தோற்றால் அடுத்த முறை ஒன்று கூட்டு, ஜெயித்தால் ஒன்று குறை. தோற்கத் தோற்கப் படி ஏறும், ஜெயிக்க ஜெயிக்க இறங்கும். ஏறின படியெல்லாம் இறங்கிக் கடைசியில் ஒரு சில்லுக்கே வந்து சேர்ந்தால் ஒரு சுற்று முடிந்தது. அப்போது கணக்குப் பார்த்தால் கையில் நிச்சயம் லாபம் இருக்கும், ஏனென்றால் தோற்றது ஒவ்வொன்றும் அதைவிட ஒரு சில்லு பெரிதாகத் திரும்பி வந்திருக்கும். ஒரு வருஷம் அவள் மனசுக்குள் இப்படி ஆடினாள். முடிந்த சுற்று ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. ஒன்றில்கூட!

முடியாத சுற்றுகளும் இருந்தன. மணிக்கு ஒரு முறை மாற்று ஆள் வந்து தோளைத் தட்டுவாள், பெரும்பாலும் லாய் குவான்தான். தட்டினதும் இரு கையையும் தட்டி, உள்ளங்கையை விரித்து மேலே இருக்கிற கேமராவுக்குக் காட்டி, மேசையை விட்டு நகர்ந்துவிட வேண்டும். எட்டாம் படியில் இருந்தாலும் சரி, பதினைந்தாம் படியில் இருந்தாலும் சரி. ஓய்வறையில் நூடுல்ஸைப் பிரிக்கும்போது அந்தச் சுற்றை மறந்துவிடுவாள். பாதியில் விட்டதைக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? திரும்பி வரும்போது வேறு மேசை, புதிதாக ஒரு சில்லு.

முதலில் சி கியோங் நம்பவில்லை. "பஸ்ல ஏர்றவன் இறங்கித்தான் ஆகணும்னு சட்டமா? டெர்மினஸ் வரைக்கும் தூங்கறவன் இருக்கான்," என்றான். அவள் விடாப்பிடியாகச் சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டைப் பிரித்து அவனை உட்காரவைத்தாள். சூரியகாந்தி விதைதான் சில்லு. ஒரு மாதம் ஆடினார்கள். அங்கேயும் சுற்று முடிந்தபோதெல்லாம் லாபம். முடியாதபோது குக்கர் கூவியிருக்கும், அல்லது அவன் ஷிஃப்டுக்குக் கிளம்பியிருப்பான். அந்த மாதக் கடைசியில் அவன்தான் வாயைத் திறந்தான்.

"ஒரு லட்சத்து முப்பதாயிரம் எடுத்துக்க. மீதிப் பணம் இருக்கிற பேங்க் கார்டு எங்கிட்ட இருக்கட்டும். மூணு லட்சத்தையும் தொலைச்சுட்டு வந்து நிக்காதே."

"சரிங்க, கண்டக்டர் சார்."

"நான் டிரைவர்."

முதல் நாள் சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனாள். தன் கேசினோவில் ஆடக் கூடாதென்பதால் பாலத்துக்கு அந்தப்பக்கம் வேறொரு கேசினோ. ஒரு சில்லு ஆயிரம் பட்டாக்கா. ஆடுகிறவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபோது கை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. பதினோரு வருஷம் நின்ற கால், உட்காரச் சொன்னால் கேட்குமா? இரண்டு முறை ஆறாம் படி வரைக்கும் ஏறினாள், ஒரு முறை ஒன்பது, மூன்று முறையும் இறங்கிவிட்டாள். இருபத்தோராயிரத்தோடு எழுந்து, பஸ்ஸுக்குக்கூடக் காத்திருக்காமல் பாலத்தில் பாதி தூரம் நடந்தே வந்தாள். இரண்டாம் நாள் இருபத்து நான்காயிரம்.

அன்று சாயங்காலம் பணத்தை மேசையில் வைத்ததும் சி கியோங் அதைத் தொடவில்லை, அவள் முகத்தையே பார்த்தான். மத்தியானம் அவன் அந்த வீட்டுக்குப் போய், மேலே கீழே என்று மூன்று தரம் லிஃப்டில் போய்வந்திருக்கிறான். "சத்தமே இல்ல, யெங். சக்கர நாற்காலி உள்ள போகுது. அளந்து பார்த்துட்டேன்."

"ஏறினா இறங்கணும்ங்கிறது உன் கணக்கு," என்றார் மாமனார் கட்டிலிலிருந்து. "நான் ஏறி ரெண்டு வருஷமாச்சு. இன்னும் இறங்கல."

"வாயைக் கழுவுங்க மாமா!"

"கழுவறேன், கழுவறேன். அந்தக் கறுப்பு ஷூவை எடுத்து வெளியே வை. பாலிஷ் போடணும். கீழே போறவன் செருப்போடயா போவான்?"

ஒரு கையால் அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி வேண்டியது ஐயாயிரம்தான். அண்ணனிடம் கடன் கேட்கலாம் என்றான் சி கியோங். எதற்கு? அண்ணிக்காரி அதை அடுத்த ஜென்மம் வரைக்கும் சொல்லிக்காட்டுவாள். இன்னும் ஒரு நாள் இருக்கிறதே.

மூன்றாம் நாள். அதே ஒரு லட்சத்து முப்பதாயிரத்தோடு போனாள்.

முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் ஓடுகிறமாதிரி ஓடியது. மூவாயிரம் லாபம். இன்னும் இரண்டு வந்தால் எழுந்துவிடலாம் என்று கைப்பையைக்கூட மடிக்கு எடுத்துக்கொண்டாள். அப்புறம் தோற்றாள். ஒன்று தோற்று, இரண்டு தோற்று, மூன்றில் ஜெயித்து, மறுபடி இரண்டு தோற்று, மெல்ல மெல்ல ஏற ஆரம்பித்தாள். ஏழாம் படியில் அவளுக்கு ஒன்றும் பயமில்லை. ஏழெல்லாம் எத்தனையோ பார்த்தவள். பத்தில் வாய் உலர்ந்தது. பதினொன்றில் வங்கிப் பக்கம் தொடர்ந்து விழத் தொடங்கியது. முடிவுகளைக் காட்டும் பலகையில் வங்கியின் சிவப்பு வட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கின.

"டிராகன்! டிராகன் வருது!"

பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் ஓடிவந்து மொய்த்தார்கள். ஒரே பக்கம் இப்படித் தொடர்ந்து விழுந்தால் அதுதான் டிராகன், வந்தால் அதோடு போவதுதான் ஊர் வழக்கம். எல்லார் சில்லும் வங்கிப் பக்கம். ஆட்டக்காரர் பக்கம் அவள் சில்லு மட்டும் தனியாகக் கிடந்தது.

"ஏம்மா, கண்ணு தெரியலையா? டிராகன் வாலைப் புடிச்சு இழுத்துக்கிட்டு இருக்கியே!" என்றாள் மோதிரம் நிறையப் போட்ட ஒரு பெரியம்மா.

"விடுங்க அத்தை. யாராவது தோத்தாத்தானே நமக்குக் குடுப்பாங்க," என்றான் ஓர் இளைஞன்.

மேசையே சிரித்தது. அவள் சில்லை எண்ணினாள், வைத்தாள். போனது. எண்ணினாள், வைத்தாள். டிராகன் அறுந்து மூன்று முறை ஜெயித்தாள், மூன்று படி இறங்கினாள், கடவுளே என்று மூச்சு விட்டாள், அடுத்து ஐந்து முறை தோற்றாள். கால் ஆடியது. வலது தோள் மட்டும் காரணமில்லாமல் அரித்துக்கொண்டே இருந்தது. கையால் தேய்த்துவிட்டாள். சட்டைத் துணி குத்துகிறதோ என்று இழுத்துவிட்டாள். நிற்கவில்லை.

பதினேழாம் படி. வைக்க வேண்டியது பதினேழாயிரம். கையில் இருந்தது பன்னிரண்டு.

அப்போதுதான் எதிரே சீட்டுப் போட்டுக்கொண்டிருந்த பெண்ணுக்குப் பின்னால் மாற்று ஆள் வந்து தோளைத் தட்டினாள். அந்தப் பெண் கையைத் தட்டி, உள்ளங்கையைக் காட்டி, யாரையும் பாராமல் நகர்ந்தாள். போகிற போக்கில் கொட்டாவி விட்டாள். அவளுக்கென்ன, நூடுல்ஸ் காத்திருக்கும்.

போ யெங்குக்குத் தோள் ஏன் அரித்தது என்று தெரிந்துவிட்டது. இந்தச் சுற்று தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. வருஷம் முழுக்க இந்த நேரத்துக்கு யாரோ வந்து அவளை இந்தப் படியிலிருந்து தூக்கிக்கொண்டுபோய்விட்டார்கள். சின்னச் சுற்றெல்லாம் மணிக்குள் முடிந்து லாபம் என்று கணக்கில் ஏறியது. ஏறி ஏறிப் போன பெரிய சுற்றெல்லாம் பாதியில் அறுந்து கணக்கிலிருந்தே விழுந்துவிட்டது. தோல்வியை அவள் பார்த்ததே இல்லை, ஏனென்றால் தோல்வி வந்து சேர்வதற்குள் அவள் ஓய்வறைக்குப் போயிருந்தாள். மேசையில் உட்கார்ந்திருந்த சனங்கள்தான் மிச்சத் தோல்வியைத் தின்றிருந்தார்கள்.

பன்னிரண்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அழகி, அதுக்குள்ளயா?" என்று யாரோ கேட்டான்.

வீட்டில் ஒளிக்கவில்லை. வந்த வேகத்தில், செருப்பைக்கூடக் கழற்றாமல், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மூன்று லட்சம், மூன்று நாற்பத்தைந்து ஆகி, இப்போது இரண்டு இருபத்தேழு. சி கியோங் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மாமனார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"லிஃப்ட் வேணும்னு நான் கேட்டேனா?" என்றார். "நான் பாட்டுக்குக் கெடந்தேன்." குரல் உடைந்துவிட்டது. "அந்த ஷூவை உள்ளே வை."

இரண்டு வருஷத்தில் அந்த மனுஷன் அழுது அவர்கள் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில்கூடத் தாதிகளைக் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தவர்.

சமையலறையில் சி கியோங் மெதுவாகக் கேட்டான். "பதினேழுல நின்னியா?"

"ஆமா."

"அப்ப படிக்கட்டு தப்பில்ல. கையில இருந்தது பத்தல. இன்னும் நூறு சில்லு இருந்திருந்தா இறங்கியிருப்பே."

"இல்ல. கேளு, நான் சொல்றதைக் கேளு." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். லாய் குவான் தோளைத் தட்டுவதை, பாதியில் விட்டதை, விட்டதைச் சேர்க்காததை எல்லாம் சொன்னாள். "நான் ஜெயிச்சதை மட்டும் எண்ணியிருக்கேன். தோத்துக்கிட்டு இருந்ததை எல்லாம் விட்டுட்டுப் போயிட்டேன். அது என்னாச்சுன்னு எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னா? அதுல பாதி ஜெயிச்சும் இருக்கலாமில்ல?"

அவள் அவன் கையை விடவில்லை. "மேல மேல கட்டினா மேல மேல பணம்தான் போகும், அவ்வளவுதான். நூத்துக்கு ஒண்ணேகால்னு கேசினோக்காரன் எடுத்துக்கிட்டேதான் இருப்பான். நான் சின்னதா வெச்சாலும் எடுப்பான், பெருசா வெச்சாலும் எடுப்பான். என் படிக்கட்டு அவனைத் தொடவே இல்ல."

"சரி," என்றான். பாத்திரத்தைக் கழுவினான். "சரி, விடு. போனது போகட்டும்."

அவள் அதை நம்பினாள். அவன் சரி என்று சொன்னால் சரிதான். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவன் ஒரு லாட்டரிச் சீட்டுகூட வாங்கியவனில்லை.

ஐந்தாம் நாள் செல்வத் தெய்வத்தை வரவேற்கிற நாள். ஊரே பட்டாசு வெடித்துக் கடை திறக்கிற நாள். போ யெங்குக்குச் சாயங்கால ஷிஃப்ட். ஆனால் காலையிலேயே ஃபோன் வந்தது. ஒருத்திக்குக் காய்ச்சல், உடனே வா என்றார்கள். சி கியோங் வேலைக்கென்று முன்பே கிளம்பிப் போயிருந்தான். அவளும் சீருடையை மாட்டிக்கொண்டு ஓடினாள். பத்து மணிக்கு மேசையில் நின்று சீட்டைப் பரப்பும்போது, இடைவழிக்கு அந்தப்பக்கம், இரண்டு மேசை தள்ளி, நீல ஜாக்கெட் தெரிந்தது.

பஸ் கம்பெனி ஜாக்கெட். முதுகைப் பார்த்தே தெரிந்துவிட்டது.

வேறு கேசினோவுக்குப் போய்த் தொலைந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் அவன் இங்கேதான் வருவான்! ஒரு வருஷம் அவள் கணக்குப் போட்டது இந்தக் கூடத்தில்தான், ஜெயித்தது இந்த மேசைகளில்தான், தோற்றது அந்நியக் கேசினோவில். அவள் சாயங்காலம்தான் வருவாள் என்று நினைத்துவிட்டான். பாவி, அவனுக்குப் போய் இதெல்லாம் சொல்லிக்கொடுத்தோமே என்று நெஞ்சு எரிந்தது.

சீட்டுப் போட்டுக்கொண்டே பார்த்தாள். கை தன் வேலையைச் செய்தது, வாய் "பந்தயம் வையுங்க" என்றது, கண் மட்டும் அங்கே. அவன் முன்னால் சில்லு அடுக்கி இருந்தது. பத்து பத்தாக, ஒழுங்காக, சூரியகாந்தி விதையை அடுக்கினமாதிரியே. எண்ணத் தெரிந்தவளுக்கு அங்கிருந்தே எண்ண வந்தது. கையிருப்பு முழுவதையும் மாற்றியிருக்கிறான். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. வைக்கப்போவது பதினைந்து. போனது. பதினாறு. ஜெயித்தான், முதுகு நிமிர்ந்தது. மறுபடி பதினைந்து. போனது. பதினாறு, போனது. பதினேழு, போனது. அவன் முழங்கால் ஆடுவது இங்கே தெரிந்தது.

சூப்பர்வைசரைக் கண்ணால் தேடினாள். தூரத்தில் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். லாய் குவான் வருவதற்கு இன்னும் அரை மணி இருந்தது. அரை மணிக்குள் அவனிடம் ஒன்றும் இருக்காது.

"ஏய் அழகி, சீட்டைப் போடு, பகல் கனவா?" என்றான் அவள் மேசைக்காரன் ஒருவன்.

போ யெங் சீட்டுப் பெட்டியிலிருந்து கையை எடுத்தாள். தட்டினாள், விரித்துக் காட்டினாள், மேசையை விட்டு நடந்தாள். ஆட்டத்தின் நடுவில், யாரும் அழைக்காமல், சீட்டுப் போடுகிறவள் மேசையை விட்டுப் போவதை அந்தக் கூடத்தில் யாரும் பார்த்ததில்லை. பின்னால் கூச்சல் எழுந்தது. அவள் திரும்பவில்லை.

சூதாடுகிறவன் தோளைத் தொடக் கூடாது. தொட்டால் அவன் அதிர்ஷ்டத்தையே துடைத்துப்போட்டதாக அர்த்தம். அதற்காகக் கத்திக்குத்து வரைக்கும் போன கதை மக்காவ் நகரில் உண்டு. அவள் இரண்டு கையையும் அவன் இரண்டு தோளிலும் வைத்து அழுத்தினாள். மேசையே "ஐயோ" என்றது.

அவன் திடுக்கிட்டுத் திரும்பினான். முகம் வெளுத்திருந்தது. "யெங்? நீ சாயங்காலம்தானே..."

"எழுந்திரு."

"பதினெட்டு. இது ஒண்ணு மட்டும். இறங்கப்போகுது யெங், எனக்குத் தெரியுது."

"எனக்கும் தெரிஞ்சுது. எழுந்திரு."

"அப்பா அழுதாருடி."

"தெரியும். நானும்தான் பார்த்தேன். எழுந்திரு, சி கியோங்."

அவன் எழவில்லை. அவள் கையை நீட்டி, மேசையில் அவன் வைத்திருந்த பதினெட்டு சில்லையும் வாரி அவன் பையில் போட்டாள். மிச்சத்தையும் வாரினாள். சீருடையில் இருக்கிறவள் ஆடுகிறவன் சில்லைத் தொட்டால் அத்தோடு தீர்ந்தது. எச்சரிக்கை, விசாரணை என்றெல்லாம் இழுக்க மாட்டார்கள். சூப்பர்வைசர் ஓடிவந்தார், இரண்டு காவலர் வந்தார்கள். நல்ல மனுஷர், கத்தவில்லை. "பேட்ஜைக் கழட்டிக் குடுங்க, யெங் அக்கா," என்றார் தாழ்ந்த குரலில். பதினோரு வருஷத்துக் கணக்கு அந்த நிமிஷத்தில் முடிந்தது. அவளை ஊழியர் வழியாகக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

சி கியோங்கை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. "நீங்க ஆடுங்க சார், உக்காருங்க," என்றுதான் சொன்னார்கள்.

அவன் உட்காரவில்லை. அதை மட்டும் சொல்லத்தான் வேண்டும். முன்வாசல் வழியாக ஓடிவந்து, கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, ஊழியர் கதவு பக்கம் நின்ற அவளிடம் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் அவள் கையைப் பிடித்தான், விட்டான், மறுபடி பிடித்தான். "வேலையே போச்சேடி. எனக்காகப் போச்சே," என்று சின்னப்பிள்ளையாக அழுதான். அவளும் அழுதாள். செல்வத் தெய்வத்துக்கு வெடித்த பட்டாசுப் புகை தெரு முழுக்க நின்றிருந்தது.

"எவ்வளவு இருக்கு?" என்று கேட்டாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவன் ஜாக்கெட் பையைத் தொட்டான். சில்லு கலகலத்தது. "தொண்ணூறு. கொஞ்சம் மேலயும் இருக்கும்."

"அது போதும். வீட்டை மறந்துடலாம். ஆளு வெச்சு மாசம் ஒருதரம் மாமாவைத் தூக்கிட்டுக் கீழ வருவோம். வா, போலாம்."

நான்கு அடி நடந்திருப்பார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நின்றார்கள். பையில் இருப்பது பணமில்லை. இந்தக் கேசினோவின் சில்லு. வெளியே இதை வைத்து ஒரு தேநீர்கூடக் குடிக்க முடியாது. மாற்ற வேண்டுமானால் உள்ளே போக வேண்டும், கூடத்தைக் குறுக்கே கடந்து, எல்லா மேசையையும் தாண்டி, கோடியில் இருக்கிற கவுண்டருக்கு. புத்தாண்டின் மூன்று நாளும் முடிந்துவிட்டன. பேட்ஜை வாங்கிக்கொண்டு வெளியே அனுப்பிய அவளை இன்றைக்கு அந்த வாசலில் விட மாட்டார்கள். அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. இன்றைக்கும் இல்லை, நாளைக்கும் இல்லை, வருஷத்தில் எந்த நாளும் இல்லை.

உள்ளேயிருந்து ஒரு பெரிய ஆரவாரம் கேட்டது. எந்த மேசையோ. அவன் தலை தானாக அந்தப்பக்கம் திரும்பியது.

"அந்தப் பதினெட்டு வெச்சிருந்தா என்ன விழுந்திருக்கும், யெங்?"

"தெரியாது. இனிமே தெரியவும் தெரியாது."

"ம்." பையில் கையை விட்டான். "நேரா கவுண்டருக்குப் போய் மாத்திட்டு நேரா வந்துடறேன். அஞ்சே நிமிஷம். என்னை நம்பறே இல்ல?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். பன்னிரண்டு வருஷத்துப் புருஷன், இப்போதுதான் அழுதவன்.

"இல்ல," என்றாள். "போயிட்டு வா."

அவன் ஜாக்கெட் பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு போனான். முன்வாசலின் சுழற்கதவு அவனை உள்ளே வாங்கிக்கொண்டது. அவளும் பின்னாலேயே போய், சீருடையோடு, பேட்ஜ் இல்லாமல், காவலாளி காட்டிய மஞ்சள் கோட்டுக்கு இந்தப்பக்கம் நின்றாள். கதவு சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டு வெளியே வந்தது. இரண்டு கிழவர்கள் வந்தார்கள். ஒரு சின்னப் பெண் தனியாக வந்தாள், அழுதுகொண்டு. கதவு மறுபடி சுற்றியது.